பின்னால் ஓடிக்கொண்டிருப்பது

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்துவந்த மகளின் தலை பின்னியிருந்தது.

அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பார்த்தான். படுக்கப் போகும்போது விரித்த தலையோடுதான் போனாள். அவனுக்குப் பின்னத் தெரியாது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போதே அவள் முடியை மொத்தமாக அள்ளி ஒரு ரப்பர் வளையத்துக்குள் திணித்துவிட்டுப் போவான். பள்ளி விட்டு வரும்போது அது பாதி அவிழ்ந்து துடைப்பம்போல் தொங்கும். இப்போது அதே முடி நேர்வகிடு எடுத்து, படிய வாரி, காதுக்குப் பின்னால் இறுக்கமாகத் தொடங்கி இரண்டு பின்னலாக இறங்கி, நுனியில் ரப்பர் வளையம் மூன்று சுற்று சுற்றி முடிந்திருந்தது. நாலாவது சுற்றுக்கு வளையம் இடம் கொடுக்கும்; ஆனாலும் மூன்றோடு விட்டுவிடுகிற கை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அந்தக் கைக்காரி செத்து ஒரு மழைக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது.

"யாரு பின்னிவிட்டா?"

"தெரியலப்பா."

"தெரியலன்னா? உன் தலைதானே அது?"

"நான் தூங்கிட்டு இருந்தேன்ல." கண்ணைக் கசக்கிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனாள் பொடிசு. அவளுக்குப் பள்ளியில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அவள் அம்மா வைத்ததுதான் நிலைத்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த மாதங்களில் அவனுக்குள் எது நுழைந்தாலும் கோபமாகத்தான் வெளியே வந்தது, பசிகூட. லாரிக்காரன்மேல் கோபம். மழைமேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, செத்துப்போன மனைவிமேல். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள் அவள். யாரோ ஒருவரின் பெட்டி உயிர் பெறவில்லை என்று போன் வந்ததும், கொட்டுகிற மழையில் ஸ்குரூ டிரைவர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, குழந்தையையும் முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு தள்ளுவண்டிகள். குழந்தைக்கும் மூச்சு நின்றுவிட்டது என்று முதலில் சொன்னார்கள். பிறகு உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. "அம்மா போன அதே நேரத்துல குழந்தை திரும்பி வந்துடுச்சு. எப்படின்னு எங்களுக்கே சொல்லத் தெரியல" என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்பின்மேலும் அவனுக்கு இன்றுவரை கோபம்.

பொடிசு போனதும் மச்சினிக்குப் போன் போட்டான். அவன் மனைவியின் தங்கை. இறுதிச் சடங்கு முடிந்த அன்றே பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டவள்.

"நான் ஆபீஸ்ல இருக்கேன் மாமா."

"எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கு?"

"அதுக்கா? திருட்டுத்தனமா வந்து தலை பின்னிட்டுப் போறதுக்குப் பேரு என்ன?"

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. "நான் திருட வந்தா ரப்பர் பேண்டையா மாட்டிட்டு வருவேன்? பிள்ளையத்தான் தூக்கிட்டு வருவேன். அதுவும் உங்க முன்னாடியே. நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய விட்டுத் தலையத் தூக்க மாட்டீங்களே."

"நீ வா. வந்து பாரு."

"சாப்பிட்டாளா அவ?"

அவன் போனை வைத்தான். சாப்பிட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுவும் கோபமாயிற்று. மறுநாள் ஆளைக் கூப்பிட்டு வாசல் பூட்டை மாற்றினான்.

பூட்டு மாறிய பிறகும் அது நிற்கவில்லை. அடுப்பின் திருகை அவன் சரியாக மூடாமல் வந்திருப்பான். போய்ப் பார்த்தால் மூடியிருக்கும். குளியலறையில் பொடிசு உதறிவிட்டு வந்த செருப்பு இரண்டும் வாசல் பார்த்துத் திரும்பியிருக்கும். சாரல் அடிக்கத் தொடங்கும்போது அவள் தலைமாட்டு ஜன்னல் சாத்தியிருக்கும், கொக்கியும் போட்டிருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து அவன் பல்லைக் கடித்தான். தன் வீட்டில் தன்னைக் கேட்காமல் ஒரு வேலை நடக்கிறது, அதுவும் தான் செய்யாமல் விட்ட வேலையாகப் பார்த்து நடக்கிறது என்பது, முகத்துக்கு நேராகத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

விடியுமுன் பார்சல் வண்டி ஓட்டப் போய் மத்தியானம் திரும்புகிறவன் அவன். பொடிசைப் பள்ளிக்கு அனுப்புவது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. பள்ளி விட்டுப் பொடிசு வந்து, உடை மாற்றி, உள்ளறையில் படுத்ததும் அவன் எதிர் அறையில் திரைச்சீலையை இழுத்துவிடுவான். கண் கூசாமல் இருக்க மனைவி வாங்கிய கனத்த சீலை அது. இழுத்தால் வெயில் ஒரு நூலாகச் சுருங்கி, சுவரின் ஓரத்தில் சூடாக நிற்கும். மேசைக்கு அடியில் அவள் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர் முனகும். சூடேறியதும் அதிலிருந்து தூசியும் உலோகமும் கலந்த ஒரு வாசனை வரும், இஸ்திரி போட்ட துணிக்குப் பக்கத்தில் வருவதுபோல. மேல்வீட்டு ஏசியிலிருந்து தகரத்தின்மேல் சொட்டு விழும். அவள் அந்த மிஷினை ஒருநாளும் முழுசாக அணைத்ததில்லை; தூங்கவிடுவாள், அவ்வளவுதான். மின்சாரம் போனாலும் சாகாமலிருக்க அடியில் ஒரு பேட்டரிப் பெட்டியும் வைத்திருந்தாள்.

அதில் அவன் தினமும் ஆடும் ஆன்லைன் விளையாட்டு, ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காப்பது. அவன் வாசல்காரன். அவன் விழுந்தால் எதிரிகள் உள்ளே வந்துவிடுவார்கள். சில வாரங்களாக அவன் விழுந்துகொண்டேயிருந்தான். சரியாகச் சண்டை முற்றும்போது திரை ஒரு மூச்சு நேரம் உறைந்துபோகும். மரத்திலிருந்து பாதி விழுந்த இலை அப்படியே தொங்கும், சத்தம் ஒரே எழுத்தில் இழுபடும். உறைவு விடும்போது அவன் தரையில் கிடப்பான். ஹெட்போனைக் கழற்றினால் உள்ளறையில் ஏதோ துணி சரசரத்து அடங்குவதுபோல் இருக்கும். அவன் அதைக் காதில் வாங்கியதில்லை.

"மச்சி, மறுபடியும் சிலையா நின்னுட்ட" என்றான் ஹெட்போனில் கூட்டாளி ஆந்தை. ஏதோ ஒரு கட்டடத்தில் இரவுக் காவல்காரன். பகலில் தூங்காமல் விளையாட வருவதால் அந்தப் பெயர். நேரில் பார்த்ததில்லை. "எதிரியே பாவப்பட்டு மாலை போடாத குறைதான்."

"நான் நிக்கலடா. மிஷின் நிக்குது."

"நல்ல மிஷினுன்னு சொல்லுவியே?"

"அவ கட்டினது."

ஆந்தை கொஞ்சம் தொண்டையைச் செருமினான். "சரி, கோச்சுக்காத. சர்வீசஸ்னு ஒண்ணு இருக்கும், திறந்து பாரு. கண்ணுக்குத் தெரியாம பின்னாடி ஏகப்பட்டது ஓடும். பிரிண்டரே இல்லாத வீட்டுல பிரிண்டருக்குன்னு ஒருத்தன் காத்துட்டு நிப்பான். ஃபேக்ஸுக்கு ஒருத்தன். கூப்பிடாம வந்து பந்தியில உட்கார்ந்தவனுங்க எல்லாம். எழுப்பி அனுப்பு. ஆனா ஒண்ணொண்ணா அனுப்பு, என்ன? ஒண்ண நிறுத்து, ஆடிப் பாரு, அப்புறம் அடுத்தது. எவன் எவனத் தாங்கிட்டு நிக்கிறான்னு வெளியில தெரியாது."

"புரியுது."

"அப்புறம் வேற யாரு பேர்லயாவது அக்கவுண்ட் இருந்தா அதுவும் சும்மா தின்னுட்டு கிடக்கும்."

இருந்தது. மிஷின் கண் விழிக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் அக்கவுண்டுக்கு ஒன்றாக இரண்டு வட்டங்கள் வரும், முதலில் மனைவியுடையது. தன் முகத்துக்குப் பதிலாக அவள் ஒரு ஸ்குரூ டிரைவர் படத்தை வைத்திருந்தாள். தினமும் அந்த ஸ்குரூ டிரைவரைத் தாண்டித்தான் அவன் தன் வட்டத்துக்குப் போக வேண்டும். அன்று அவன் அதைத் தாண்டவில்லை. அழி என்றான். இதிலுள்ள எல்லாமும் போய்விடும், திரும்ப வராது என்று திரை சொன்னது. போகட்டும். "நீ மட்டும் கேட்டுட்டா போன?" என்று திரையிடம் சொன்னான். வட்டம் மறைந்த இடத்தில் அவனுடைய வட்டம் நகர்ந்து நடுவுக்கு வந்தது.

பிறகு சர்வீசஸ் திறந்தான். அத்தனை இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. உருட்ட உருட்ட வந்தன, எல்லாவற்றுக்கும் எதிரே ஓடுகிறது, ஓடுகிறது, ஓடுகிறது. யாரைக் கேட்டு ஓடுகின்றன? பிரிண்டருக்கானதை நிறுத்தினான். ஃபேக்ஸ். வரைபடம். எதையாவது தேடினால் எடுத்துக்கொடுக்கத் தயாராக வீடெல்லாம் மோந்துகொண்டிருக்கும் ஒன்று. அவன் என்ன செய்கிறான் என்று யாருக்கோ சொல்லி அனுப்பும் ஒன்று. ஆடிப் பார்த்துவிட்டு அடுத்தது என்று ஆந்தை சொன்னது காதில் இருந்தது, கை கேட்கவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒருவன் கன்னத்தில் ஒன்று வைப்பதுபோல் இருந்தது. பல மாதமாக யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது அவனுக்கு.

அப்போதுதான் அது வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி. விளக்கம் இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை. தானாகக் கிளம்பும் என்று இருந்தது. ஓடுகிறது என்று இருந்தது. யாருடைய அக்கவுண்டில் ஓடுகிறது என்ற இடத்தில் அவள் பெயர்.

இப்போதுதான் அழித்த பெயர். அழித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளங்கை வியர்த்தது. அதையும் கோபம் என்றே அவன் எடுத்துக்கொண்டான். அவனுக்குச் சொல்லாமல் எதையோ எழுதி ஓடவிட்டுப் போயிருக்கிறாள். வாடிக்கையாளர் எவருக்காகவோ இருக்கும். அவள் போன பிறகும் அவர்கள் வேலைதான் இந்த வீட்டில் ஓடுகிறது. இதுதான் தின்றுகொண்டிருக்கிறது. இவளால்தான் அவன் வாசலில் விழுந்துகொண்டேயிருக்கிறான்.

"போனவ போயாச்சு. பேரு மட்டும் எதுக்கு இங்க?"

கர்சரை ஸ்டாப்புக்குக் கொண்டுபோனான். கர்சர் நின்றது. மவுஸை இழுத்தான், அது மேசைமேல் நகர்ந்தது, திரையில் நகரவில்லை. மின்விசிறியின் முனகல் ஏறியது. உள்ளறையில் பொடிசு இருமினாள். மேசையைக் குத்தினான். கர்சர் விட்டது. மறுபடி கொண்டுபோனான், மறுபடி உறைந்தது, அங்குலம் நகராமல், யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. மறுபடி இருமல், இந்த முறை நீளமாக, மூச்சு எடுக்க இடமில்லாமல். சளி பிடித்திருக்கிறது, மருந்து கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓங்கி ஒரு குத்து விட்டான். பேனா உருண்டு கீழே விழுந்தது.

இருமல் நின்றது. கர்சர் நகர்ந்தது.

அழுத்தினான்.

சிறிய பெட்டி ஒன்று எழுந்தது. இதை நிறுத்தினால் இதை நம்பி ஓடும் மற்றதும் நின்றுவிடும், சரியா என்று கேட்டது. கீழே ஒரு வரி. அந்த மாதிரிப் பெட்டிகளை யாரும் வாசிப்பதில்லை. அவனும் வாசிக்கவில்லை. ஆமாம் என்றான்.

பெட்டி மறைந்த பிறகுதான் கண் பார்த்துவைத்திருந்தது மனதுக்கு வந்து சேர்ந்தது. கீழே இருந்த அந்த ஒரு வரி. ஆங்கில எழுத்தில், ஒரே சொல். பொடிசு.

குழந்தைக்காக ஏதோ படம் வரையும் விளையாட்டுப் போட்டுவைத்திருப்பாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு ஹெட்போனை மாட்டினான்.

அன்று அவன் ஆடியது போல் எப்போதும் ஆடியதில்லை. திரை எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது. இலை விழுந்தால் கடைசிவரை விழுந்தது. அவன் நினைப்பதற்கும் கை நடப்பதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. வாசலில் தனியாக நின்று வந்தவனையெல்லாம் வெட்டிப் போட்டான். ஆந்தை காதில் சிரித்துக்கொண்டே இருந்தான். "யாருடா நீ, எங்க வாசல்காரன என்ன பண்ண?" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவனும் சிரித்தான். தன் சிரிப்பு தன் காதிலேயே அந்நியமாகக் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினான்.

வீடு அமைதியாக இருந்தது.

மேல்வீட்டுச் சொட்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அப்போதுதான், இத்தனை மாதமும் இந்த வீட்டில் ஒரு சத்தம் இருந்துகொண்டேயிருந்தது என்பது அவனுக்குத் தெரிந்தது. மிகச் சன்னமாக, துணி உரசுவது, பாத்திரம் ஒன்றை ஓசைப்படாமல் இன்னொன்றுக்குள் வைப்பது, யாரோ வேலையாக இருக்கும் வீட்டின் சத்தம். அது இப்போது இல்லை. சமையலறையிலிருந்து கேஸ் வாடை லேசாக வந்தது. எழுந்துபோய் அடுப்பின் திருகை மூடினான். குளியலறை வாசலில் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"பொடிசு."

பதில் இல்லை.

உள்ளறைக் கதவைத் தள்ளினான். போர்வை தரையில் கிடந்தது. அவள் மல்லாந்து படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்து. உதடு நீலம். அவிழ்ந்த முடி தலையணை முழுக்க. ரப்பர் வளையம் இரண்டும் தரையில் தனித்தனியாகக் கிடந்தன.

தூக்கினான். தலை பின்னால் தொங்கியது. கன்னத்தில் தட்டினான். அடித்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு விலாசம் சொன்னான். வண்டி கிளம்பிவிட்டது, வாயில் வாய் வைத்து ஊதுங்கள் என்றது ஒரு பெண் குரல். ஊதினான். நெஞ்சு உப்பியது. எடுத்தால் இறங்கியது. பையில் காற்று அடைப்பதுபோல். ஊதினான். உப்பியது. இறங்கியது. அவளாக ஒன்றும் செய்யவில்லை.

நிமிர்ந்தான். திறந்த கதவு வழியே எதிர் அறையின் திரை தெரிந்தது. ஒரு புள்ளி. அதன் எதிரே ஓடுகிறது என்ற சொல் இருந்த இடம் காலியாக இருந்தது.

ஓடினான்.

ஸ்டார்ட்.

முடியவில்லை என்றது. இந்த அக்கவுண்டால் உள்ளே வர முடியவில்லை என்றது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி அதே. அப்படியோர் ஆள் இங்கே இல்லை.

அழித்தவன் அவன்தான். ஓடிக்கொண்டிருந்தவரை ஓடியது. நிறுத்தியது இனி அவள் பெயரில் கிளம்பாது.

வேறு அக்கவுண்ட் இருந்தால் கொடு என்று ஓர் இடம் இருந்தது. அவன் பெயரை அடித்தான். பாஸ்வேர்ட். விரல் வழுக்கியது. தப்பு. அழித்தான். மறுபடி. உறுதிக்கு இன்னொரு தடவை கேட்டது. அடித்தான். ஸ்டார்ட்.

பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. முயல்கிறது என்றது. ஊர்ந்தது. நின்றது. மார்பின் நடுவில் யாரோ கைவைத்துத் திருகியதுபோல் இருந்தது அவனுக்கு, தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோல. கோடு கடைசிவரை போயிற்று.

உள்ளறையில் இருமல்.

எழுந்து ஓடினான். காலடிச் சத்தம் கேட்கவில்லை; தரையின் குளிர்ச்சியும் தெரியவில்லை; அதையெல்லாம் கவனிக்க அப்போது நேரமில்லை. பொடிசு எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். உதட்டில் நிறம் வந்திருந்தது. அவன் மண்டியிட்டு அவளைச் சேர்த்து அணைத்தான். அவள் அவன் தோளைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். "இங்கதான்டா இருக்கேன்" என்றான். அவள் மறுபடி கூப்பிட்டாள், கதவைப் பார்த்தே. பிறகு கட்டிலை விட்டு இறங்கி, அவனிருந்த இடத்தின் வழியாகவே நடந்து, எதிர் அறைக்குப் போனாள்.

அவன் பின்னால் போனான்.

நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டு, கழுத்தில் ஹெட்போன், கை மவுஸின்மேல். பார்சல் கம்பெனிச் சட்டை. "அப்பா, எழுந்திரு" என்று அவள் அந்த ஆளின் முழங்கையை இழுத்தாள். கை மேசையிலிருந்து சரிந்து தொங்கியது. அது யார் என்று புரிய அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். "குழந்தைக்குன்னுதானே கூப்பிட்டாங்க?" என்றான் ஒருவன். "குழந்தை நல்லாத்தான் இருக்கு" என்றான் மற்றவன். மச்சினி ஆபீஸ் அட்டை கழுத்தில் ஆட ஓடிவந்தாள். பொடிசை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சரிந்து கிடந்தவனைப் பார்த்து, "அக்காதான் அப்படிப் போனான்னா, உங்களுக்கு என்ன மாமா அவசரம்" என்றாள். அவள் அழும்போதுகூடக் கோபமாகத்தான் அழுதாள். முதல்முறையாக அவனுக்கு அவளைப் பிடித்தது.

மனைவியைத் தேடினான். அடுப்படி, ஜன்னலோரம், கட்டிலின் தலைமாடு, அவள் நின்றிருக்கக்கூடிய இடமெல்லாம். எங்கும் இல்லை. லாரிக்காரன் ஒரு தடவை கொன்றவளை, கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லி அவன் இன்னொரு தடவை கொன்றிருந்தான். மேசையைக் குத்த ஓங்கினான். கை மேசைக்குள் போய் வந்தது.

மச்சினி அந்த வீட்டுக்கே குடிவந்தாள். கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது பொடிசு விடவில்லை. "அம்மா அணைக்க மாட்டாங்க சித்தி" என்றாள். அக்காவும் மாமாவும் தொட்ட பொருள் அது ஒன்றுதான் மிச்சம் என்று சித்தியும் விட்டுவிட்டாள்.

அவன் ஓடிக்கொண்டிருந்தான். தூக்கம் இல்லை, பசி இல்லை. பொடிசின் ஒவ்வொரு மூச்சும் ஆழக் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல் அவனிடமிருந்து மேலே ஏறிப் போயிற்று. இழுத்து முடித்ததும் அடுத்த வாளி. அதில் கொஞ்சம் பலம் மிச்சமிருந்தால் ஏதாவது ஒரு சின்ன வேலை செய்யலாம். போர்வையை இழுத்துவிடலாம். ஜன்னல் கொக்கியைப் போடலாம். தலை பின்னக் கற்றுக்கொண்டான். தூங்கும் தலைமேல் குனிந்து, முதலில் கோணலாக, அவிழ்த்து, மறுபடி கோணலாக. நுனியில் மூன்று சுற்று. அவள் எழுந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் சித்தி" என்பாள். "நான் எங்கடி பின்னினேன்?" என்பாள் சித்தி, சமையலறையிலிருந்து, காய் நறுக்கும் கையை நிறுத்தாமல்.

ஒவ்வொரு வேலைக்கும் மிஷின் ஒரு மூச்சு நேரம் உறைந்தது. அவன் வாசலில் விழுந்த ஒவ்வொரு முறையும் அவன் மனைவி எதையோ செய்துகொண்டிருந்தாள் என்பது இப்போது தெரிந்தது.

பொடிசு வளர்ந்தாள். குரல் மாறியது, கால் நீண்டது. மத்தியானங்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதே நாற்காலியில், அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரத் தொடங்கினாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பின்னினான். விளையாடும்போது கையைத் தலைக்குக் கொண்டுபோக அவளுக்கு நேரமிருக்காது. அதுதான் அவனுக்கு வாய்த்த நேரம்.

"மறுபடி உறைஞ்சுடுச்சுடி" என்றாள் ஒரு நாள், காதிலிருந்த தோழியிடம். தாடை இறுகியிருந்தது. அவனுடைய தாடை. "நான் நிக்கல. இந்தச் சனியன் நிக்குது. எங்க அம்மா கட்டினது, அப்பா செத்ததும் இது முன்னாடிதான், இன்னும் என் உயிர வாங்குது."

ஹெட்போனுக்கு வெளியே தோழியின் குரல் பூச்சிச் சத்தம்போல் கசிந்தது.

"சர்வீசஸா? எங்க இருக்கு அது?"

பின்னலின் மூன்று கால்களையும் பிடித்தபடி அவன் அசையாமல் நின்றான்.

திறந்தாள். உருட்டினாள். பிரிண்டரும் ஃபேக்ஸும் முன்பே நின்றுபோயிருந்தன. அவற்றைத் தாண்டிக் கீழே போனாள். புள்ளியிடம் நின்றாள். பக்கத்திலிருந்த அப்பாவின் பெயரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவள் முகம் சின்னதாக, அந்த மத்தியானத்து முகமாக இருந்தது. பிறகு இறுகியது.

"போனவங்க போயாச்சு" என்றாள், தோழியிடம் இல்லை, திரையிடம். "பேரு மட்டும் எதுக்கு இங்க."

கர்சரைக் கொண்டுபோனாள்.

அவன் பிடித்தான். கர்சர் நின்றது. அதைப் பிடிக்க வேண்டுமானால் வாளிக் கயிற்றை விட வேண்டியிருந்தது. அவள் இருமினாள். மார்பைப் பிடித்துக்கொண்டாள். விட்டான். கர்சர் நகர்ந்தது. மறுபடி பிடித்தான். இருமல், நீளமாக, மூச்சுக்கு இடமில்லாமல். உதட்டோரம் நீலம். விட்டான்.

மேசையைக் குத்தினாள். பேனா உருண்டு விழுந்தது.

அவன் பின்னலை இழுத்தான். அவள் கொசுவை அடிப்பதுபோல் பிடரியில் அடித்துக்கொண்டாள்.

அழுத்தினாள்.

பெட்டி எழுந்தது. கீழே ஒரே ஒரு வரி. அவள் பெயர்தான். அரை அடி தூரத்தில், அவள் கண்ணுக்கு நேரே. அவள் தோழி சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாளியை இறுக்கிப் பிடித்தான். இழுத்தான். இழுத்துக்கொண்டே, பாதியில் நின்ற பின்னலைக் கீழ்நோக்கிப் பின்னினான், ஒரு கால்மேல் ஒரு கால், வேக வேகமாக, நுனிக்கு. ரப்பர் வளையத்தை மாட்டினான். ஒரு சுற்று. திரையில் கர்சர் ஆமாம் என்பதன்மேல் போய் நின்றது. இரண்டாவது சுற்று. அவள் விரல் இறங்கிக்கொண்டிருந்தது.